கடலூர் முதுநகரில் நீங்களே மரப்பெட்டியில் கட்டிய ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) லேப்டாப்பை இணைத்தால் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வருகிறது என்கிறீர்கள். வால்யூம் குமிழைத் தொட்டால் மட்டும் அது அடங்குகிறதா?

அப்படியானால் குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (வால்யூமைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) உலோக உடல் கிரவுண்டில் (சர்க்யூட்டின் பொது இணைப்பில்) சேரவில்லை. மரப்பெட்டியில் ஆம்ப் கட்டினால் இதுதான் வழக்கமாக மாட்டும். உடலிலிருந்து ஒரு ஒயரை சிக்னல் கிரவுண்டுக்கு இழுத்து சால்டர் வையுங்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றில் உலோகம் மங்கியிருந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும், அதனால் முதலில் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

அப்புறமும் இரைந்தால், லேப்டாப் கேபிளைக் கழற்றி ஆம்ப்பின் இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்து (ஒயரால் நேரடியாக இணைத்து) கேளுங்கள். நின்றுவிட்டால் கேபிள் அல்லது சார்ஜர் வழியாக வருகிறது. நிற்கவில்லையா, பவர் சப்ளைதான்: இரைச்சல் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் (சப்ளை மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) பக்கம் பாருங்கள், 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும், பிளக்கில் எர்த்தைக் கழற்றினால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கலாம்.