குழிமேல் நட்ட பைன் கன்றுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உலகத்தை ஆட்டிவைக்கும் ரகசியக் குழு என்று எதுவும் கிடையாது, அந்தக் கதைகளில் நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். 1953இல் ஈரான் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்தது அமெரிக்காவும் பிரிட்டனும்தான் என்று சொன்னவர்களையும் ஒருகாலத்தில் சதிக்கதை பேசுகிறவர்கள் என்றே ஒதுக்கினார்கள். 60 ஆண்டு கழித்து சி.ஐ.ஏ.வின் ஆவணமே அதை ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அதிகாரிகள் கொல்லப்பட்ட கட்டின் படுகொலையும் அப்படித்தான். இன்று நாம் தள்ளிவிடும் கதைகளில் எது நாளைக்கு உண்மையாகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அரசாங்கம் மறுத்தால் நம்பிவிட வேண்டியதுதானா?

உங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

நம்ப வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கம் மறுத்துவிட்டது என்பதாலேயே ஒரு கதை உண்மையாகியும் விடாது. உங்கள் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கட்டினை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1939 செப்டம்பரில் போலந்தை ஜெர்மனியும் சோவியத் யூனியனும் இரண்டு பக்கமிருந்தும் பிய்த்துக்கொண்டன. சோவியத் கையில் சிக்கிய போலந்து ராணுவ அதிகாரிகளையும் போலீஸ்காரர்களையும் கோசெல்ஸ்க், ஸ்டாரோபெல்ஸ்க், ஒஸ்டாஷ்கோவ் ஆகிய மூன்று முகாம்களில் அடைத்தார்கள். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. 1940 வசந்த காலத்தில் அது நின்றுபோனது. ஒருவர் இருவருடையது அல்ல, ஆயிரக்கணக்கானவர்களுடையது, ஒரே பருவத்தில். 1941 டிசம்பரில், லண்டனிலிருந்து இயங்கிய நாடுகடந்த போலந்து அரசின் பிரதமர் சிகோர்ஸ்கி மாஸ்கோவுக்கே போய், எங்கள் அதிகாரிகள் எங்கே என்று ஸ்டாலினிடம் கேட்டார். தப்பி ஓடியிருப்பார்கள் என்றார் ஸ்டாலின். எங்கே ஓடியிருக்க முடியும் என்று கேட்டதற்கு, மஞ்சூரியாவுக்கு என்றார்.

1943 ஏப்ரல் 13 அன்று பெர்லின் வானொலி, ஸ்மோலென்ஸ்க் பக்கத்தில் கட்டின் காட்டில் போலந்து அதிகாரிகளின் சவக்குழிகள் கிடைத்திருப்பதாக அறிவித்தது. சொன்னது யார் என்று பாருங்கள். நாஜிகள். ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில் மிச்சமிருந்தவர்களையும் கொண்டுபோவதற்குப் படையை உள்ளே அனுப்பியவர்கள். நேச நாடுகளுக்குள் பிளவு உண்டாக்கத்தான் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் இந்தச் செய்தியை உலகம் முழுக்கப் பரப்பினார். ஆனாலும் செய்தி உண்மை. பொய்யே தொழிலாகக் கொண்டவன் வாயிலிருந்து, கெட்ட நோக்கத்தோடு, ஓர் உண்மை வெளியே வந்தது. கட்டினில் என்னை மிகவும் தொந்தரவு செய்கிற இடம் இதுதான். சொல்கிறவன் யார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் இங்கே தவறியிருப்போம்.

வேறு எதை வைத்து முடிவெடுப்பது? மிகச் சாதாரணமான பொருள்களை வைத்துத்தான். குழிகளின் மேல் பைன் கன்றுகள் நட்டிருந்தார்கள். ஒன்றை வெட்டி வளையங்களைப் பார்த்தபோது, மூன்று ஆண்டுக்கு முன் இடம் மாற்றி நட்டது என்று தெரிந்தது. இறந்தவர்களின் சட்டைப்பைகளில் நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் துண்டுகள் இருந்தன. எதிலும் 1940 மே தொடக்கத்துக்குப் பிந்தைய தேதி இல்லை. ஜெர்மானியர்கள் 1941இல் வந்து கொன்றார்கள் என்பது சோவியத் வாதம். அந்தப் பகுதி ஜெர்மன் கையில் விழுந்ததே 1941 கோடையில்தான். கன்றும் தேதிகளும் அதற்கு ஓராண்டு முன்னால் போய் நிற்கின்றன.

இது அன்றைக்கே புரிந்துவிட்டது. போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓ'மாலி, கைக்குக் கிடைத்த சான்றுகளை எல்லாம் அடுக்கிப் பார்த்து, செய்தது சோவியத்தான் என்று 1943 மே மாதமே அறிக்கை எழுதினார். கொலைகாரர்கள் படுகொலையை மறைக்க அந்தக் கன்றுகளைப் பயன்படுத்தியதைப்போல நாம் இங்கிலாந்தின் நற்பெயரைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. மன்னரும் போர்க்கால அமைச்சரவையும் அதைப் படித்தார்கள். அப்புறம் அது அலமாரிக்குள் போய்விட்டது. ஹிட்லரை வீழ்த்த ஸ்டாலின் தேவைப்பட்டார். இந்த விஷயத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்கட்டும் என்று கேட்டதற்காகப் போலந்து அரசுடனான உறவையே ஸ்டாலின் முறித்துக்கொண்டார். 1944இல் சோவியத் யூனியன் புர்தென்கோ தலைமையில் ஒரு குழு அமைத்து, பழியை ஜெர்மனிமேல் போட்டு ஓர் அறிக்கை தயாரித்தது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றத்துக்கும் அதையே கொண்டுபோனார்கள். தீர்ப்பில் கட்டின் என்ற சொல்லே இல்லை.

1990இல் கோர்பச்சேவ் காலத்தில்தான் சோவியத் யூனியன் ஒப்புக்கொண்டது. 1992இல் யெல்ட்சின் மூல ஆவணங்களைப் போலந்திடம் கொடுத்தார். அவர்களைக் கொல்வதென்று 1940 மார்ச் 5 தேதியிட்ட முடிவு, அதில் ஸ்டாலினின் கையெழுத்து. கூடவே கே.ஜி.பி. தலைவர் ஷெலெபின் 1959இல் குருஷேவுக்கு எழுதிய குறிப்பும் இருந்தது. கொல்லப்பட்டவர்கள் 21,857 பேர் என்று எண்ணிக்கை சொல்லிவிட்டு, அவர்களுடைய தனிக் கோப்புகளை அழித்துவிடலாம் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்.

சரி, இதில் ரகசியம் என்று எதைச் சொல்வது? ஸ்டாலின் கையெழுத்திட்ட தாளை வேண்டுமானால் சொல்லலாம். நடந்தது என்ன என்பது அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும், லண்டனுக்குத் தெரியும், 1952இல் விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்வது யாருக்கும் தோதாக இல்லை. மறைக்கப்பட்ட வரலாறு என்று நாம் பேசுகிற பலவற்றை இப்படிப் பார்த்தால்தான் புரிகிறது.

கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் நிர்வாகம் 1952இல் நெருக்கடி நிலை கொண்டுவந்தது. தடுப்பு முகாம்களில் அடியும் சித்திரவதையும் நடந்தன. 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். வண்டியில் வந்த தண்ணீரைக் குடித்த பிறகு இறந்துபோனார்கள் என்று முதலில் அரசு அறிக்கை விட்டது. உயிரோடு தப்பியவர்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஐம்பது ஆண்டுகளாக. அவர்களிடம் தாள் இல்லை. தாள் இல்லாமல் போனதும் தற்செயலாக நடந்தது இல்லை. சுதந்திரம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, அரசைச் சங்கடப்படுத்தக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் விட்டுவிட்டு வரக் கூடாது என்று 1961இல் லண்டனிலிருந்து உத்தரவு போயிருந்தது. கொஞ்சம் கப்பலேறியது, நிறைய எரிந்தது. எரித்த சாம்பலைக்கூடப் பொடித்துவிட வேண்டும் என்று அறிவுரை இருந்தது.

2009இல் சில கென்ய முதியவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் அழுத்தத்தில்தான், பல நாடுகளிலிருந்து கொண்டுவந்த ஆயிரக்கணக்கான காலனியக் கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் கிடப்பதை 2011இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 2013இல் வெளியுறவு அமைச்சர் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவையும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். கோப்புகள் சொன்னது பெரும்பாலும் அந்தக் கிழவர்களும் கிழவிகளும் முன்னமே சொன்னதுதான். அவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாய்க் கதையில் தாள் தப்பித்த விதமே வேறு. 1956 அக்டோபரில் பாரிஸ் அருகே செவ்ர் என்ற ஊரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாக ஒப்பந்தம் செய்தன. இஸ்ரேல் எகிப்தைத் தாக்கும். மற்ற இரண்டும் சண்டையை விலக்குவதற்கென்று உள்ளே வரும். எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பதறிப்போய், பிரதிகளை அழிக்கச் சொல்லி அதிகாரிகளை மறுபடி பாரிஸுக்கு அனுப்பினார். இஸ்ரேல் பிரதமர் பென் குரியனின் பிரதி ஏற்கெனவே அவரோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டது. இஸ்ரேல் தாக்கப்போவது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்று டிசம்பர் 20 அன்று ஈடன் நாடாளுமன்றத்தில் சொன்னார். அடுத்த மாதம் பதவி விலகினார். ஈரான் விஷயத்திலும் அதே மறைப்புதான், இன்னும் நீளமாக. 1989இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தக் காலத்து ஈரான் ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது சி.ஐ.ஏ.வின் பங்கையே விட்டுவிட்டது. திருத்திய தொகுதி 2017இல்தான் வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரகசிய ஆவணம் என்று ஒருவர் நீட்டினாலே நம்பிவிடவும் கூடாது. 1924இல் பிரிட்டனில் தேர்தலுக்கு நாலு நாள் முன்பு டெய்லி மெயில் நாளிதழ் ஒரு கடிதத்தை வெளியிட்டது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைப் புரட்சிக்குத் தூண்டி மாஸ்கோவிலிருந்து கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் ஜினோவியேவ் எழுதியதாகச் சொன்னார்கள். அது போலி. ஆட்சியிலிருந்த தொழிற்கட்சி தோற்றது அதனால் மட்டும் இல்லை, ஆனாலும் அந்தக் கறை பல வருடம் போகவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. இதற்குச் சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு கதை என்னிடம் வந்தால் முதலில் நான் தேடுவது, இதில் பாதிக்கப்பட்டவர் யார் என்பதை. கட்டினில் கடிதம் நின்றுபோன வீடுகள் இருந்தன. ஹோலாவில் 11 பிணங்கள் இருந்தன. ஈரானில் 1953 ஆகஸ்ட் 19 என்ற தேதி இருந்தது, சிறையிலும் வீட்டுக் காவலிலும் இறுதி நாள்வரை கிடந்த ஒரு பிரதமர் இருந்தார். ரகசியக் குழுக் கதைகளில் ஆட்டிவைக்கிறவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். எந்த ஊரில், எந்த நாளில், யாரை, என்ன செய்தார்கள் என்று கேட்டால் கதை அடுத்த நாட்டுக்குத் தாவிவிடும். எதிராக எந்தச் சான்றைக் காட்டினாலும் அதுவும் அவர்கள் வேலைதான் என்பார்கள். கட்டினில் அந்த வசதி யாருக்கும் இல்லை. கன்றுகள் 1941இல் நட்டவையாக இருந்திருந்தால் சோவியத் வாதத்துக்குப் பலம் கூடியிருக்கும்.

கட்டின் முடிந்துபோன கதை என்றும் நினைத்துவிடாதீர்கள். 1990இல் சோவியத் ராணுவ வழக்குத்துறை தொடங்கிய விசாரணையை ரஷ்யா 2004இல் மூடிவிட்டது. மூடியதற்கான உத்தரவையே ரகசியம் என்று அறிவித்துவிட்டார்கள். கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள். அந்த உத்தரவின் நகலைத் தாருங்கள் என்று நீதிமன்றமே கேட்டும் ரஷ்யா கொடுக்கவில்லை. கொடுக்காதது தவறு என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

அன்புடன்