முகநூலில் என்னைப் பற்றி அவதூறு எழுதியவர்மீது வழக்குப் போட ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா?

போதாது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் பாதி வழியில் தவித்து நிற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பதிவின் அசல் முகநூல் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, உங்கள் போனில் இருப்பது நகல். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்ட நகலோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு என்று இருந்ததுதான், அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020லேயே சொல்லிவிட்டது. இப்போது சான்றிதழ் இரண்டு பகுதியாகிவிட்டது, ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற அடையாளக் குறியீட்டையும், அதில் எழுத வேண்டும். படத்தின் ஓரத்தைத் துளி வெட்டினாலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அங்கிருந்து இறக்கினாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும். ஆகவே எடுத்ததை எடுத்தபடியே வையுங்கள், பதிவின் லிங்க், எழுதியவரின் புரொஃபைல் லிங்க், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், போனை ரீசெட் செய்யவே செய்யாதீர்கள்.

போலிப் படங்கள் மலிந்த காலத்தில் இந்தச் சோதனை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பணமும் ஆள்பலமும் இல்லாத ஒருவர் அந்த நிபுணரை எங்கே போய்த் தேடுவார்? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் குறைந்த கட்டணத்தில் இதைச் செய்துதர ஓர் ஏற்பாடு வேண்டும், அது இல்லாமல் சட்டத்தை மட்டும் மாற்றியது ஏழைக்கு அநியாயம்.

காவல் நிலையத்தில் நேரடியாக எஃப்ஐஆர் போட மாட்டார்கள், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார்தான் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஒரே வருடம்தான் கெடு.

அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. நீங்கள் ஜெயித்தாலும் அந்த அவதூறு வரிகள் தீர்ப்பிலேயே மேற்கோளாக ஏறி, உங்கள் பெயரைத் தேடினால் இணையத்தில் வந்து நிற்கக்கூடும். குற்றவழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் உத்தரவிட்டது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தீர்ப்பு எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் பாதிக்கப்பட்டவரின் பெயர் இல்லாமலும் அதிலுள்ள சட்டம் புரியும். வழக்குப் போடும் முன்பே பெயரை மறைக்கக் கேட்டு மனு போட முடியுமா என்று வக்கீலிடம் பேசிவிடுங்கள்.