லீடர்ஷிப் பயிற்சிக்கு ஏன் டவுன் பெண்கள் மட்டுமே வருகிறார்கள்?

கேள்வி: திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஊருக்கு நன்மை தரும் சமூகத் தொழில் நடத்தும் பெண்களுக்காக ஐந்து நாள், தங்கிப் பயிலும் தலைமைப் பயிற்சி வைக்கிறோம். கூகுள் ஃபார்மில் விண்ணப்பம் கேட்டோம். வந்ததெல்லாம் டவுன் பட்டதாரிகள்தான். எதை மாற்றுவது?

பதில்: பாடத்திட்டம் அப்புறம். முதலில் அந்த ஃபார்மைத் தூக்குங்கள்.

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் சமூகச் செயற்பாட்டாளர் சேத்னா காலா சின்ஹாவும் கிராமத்துப் பெண்களும் வங்கி தொடங்க உரிமம் கேட்டபோது, எழுத்தறிவு இல்லையென்று ரிசர்வ் வங்கி மறுத்தது. பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு திரும்பப் போய், ‘கால்குலேட்டர் இல்லாமல் வட்டி கணக்குப் போடுகிறோம், உங்கள் அதிகாரிகளையும் போடச் சொல்லுங்கள்’ என்றார்கள். 1997-இல் மாண் தேஷி மகளிர் வங்கி வந்தது. உங்கள் ஃபார்ம் அவர்களில் எத்தனை பேரை உள்ளே விட்டிருக்கும்? வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும் என்று சொல்லுங்கள், அதுவும் முடியாதவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.

அடுத்தது அந்த ஐந்து நாள். மாடும் கைக்குழந்தையும் மாமியாரும் இருக்கும் வீட்டிலிருந்து யார் ஐந்து ராத்திரி வெளியே தங்க முடியும்? மாதம் இரண்டு நாள், காலை பத்தரை முதல் மூன்று மணி வரை என்று பிரித்துவிடுங்கள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். பஸ் காசும் அன்றைய கூலியும் முன்கூட்டியே கையில் கொடுங்கள். பில் வைத்தால் பிறகு தருகிறோம் என்பது கைக்காசு உள்ளவர்களுக்குத்தான் சரிப்படும்.

இடம் பார்க்கும்போது, சரிவுப் பாதையும் கழிப்பறையும் இருக்கிறதா என்பதோடு, அந்தத் தெருவுக்குள் தலித் பெண்கள் தயங்காமல் வருவார்களா என்றும் விசாரியுங்கள். ஊர் நடுவில் ‘பொது’ என்று பெயர் வாங்கிய மண்டபங்கள் பல அப்படிப் பொதுவானவை அல்ல, இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை.

பாடம் என்ன? ‘உங்களுக்குள் இருக்கும் தலைவியைக் கண்டுபிடியுங்கள்’ வகையறா வேண்டவே வேண்டாம். பேங்க் மேனேஜரிடம் கடன் பேசுவது, கணக்கு கேட்டுச் சண்டை வந்தால் கூட்டத்தை நடத்துவது, செக்கில் யார் கையெழுத்துப் போடுவது என்று முடிவுசெய்வது, இவற்றை நடித்துப் பார்க்க வையுங்கள். சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. கணவரை ஓரங்கட்டித் தானே நிர்வாகம் பார்த்த ஊராட்சித் தலைவி ஒருவரை உரிய சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

நிதி கொடுப்பவர் கேட்டால், கூலியையும், பயிற்சி நேரத்தில் குழந்தை பார்ப்பவருக்கான சம்பளத்தையும் ‘இதர செலவு’ என்று ஒளிக்காமல் தனித்தனி வரியாகவே காட்டிவிடுங்கள்.