காஸ்வே நெரிசலில் ஏர்கான் காலை வாருகிறது: கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: அண்ணே, மூன்று வாரத்துக்கு முன் ஒரு டீலரிடம் ஒன்பது வயது ஜப்பானியக் கார் வாங்கினேன். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. விரைவுச்சாலையில் ஏர்கான் ஜில்லென்று வருகிறது. போன சனிக்கிழமை காஸ்வே பாலம் வழியாக ஜோகூர் போகும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் அரை மணி நேரம் நின்றதும் வெறும் காற்றுதான் வந்தது. டெம்பரேச்சர் முள்ளும் பாதியைத் தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, 1,400 வெள்ளி ஆகும் என்கிறார்கள். இது போக, சிக்னலில் நிற்கும்போது வண்டி அதிர்கிறது. கார் நிறுத்துமிட மேட்டில் ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்று சத்தம். வாங்கும்போது டீலர் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆன தாளைக் காட்டினாரே? என்ன செய்யலாம்? — ஈசூன் வாசகர்

தம்பி, அந்த 1,400 வெள்ளி இப்போதைக்கு உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஏர்கான் சுடுவதையும் முள் ஏறுவதையும் இரண்டு கோளாறாக எண்ண வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்றுதான் தோன்றுகிறது: முன்னால் இருக்கும் ஃபேன்.

காரணம் எளிது. காரின் மூக்கில் ஏர்கானின் கண்டென்சர் இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்ஜினின் ரேடியேட்டர். இரண்டும் வெப்பத்தைக் காற்றில்தான் கொட்டியாக வேண்டும். தீவு விரைவுச்சாலையில் 80-இல் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். காஸ்வேயில் நத்தையாய் நகரும்போது காற்றை இழுக்க ஃபேனை விட்டால் ஆளில்லை. அது சுற்றாவிட்டால் கண்டென்சரில் குளிரூட்டும் கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனதும், எதுவும் வெடித்துவிடக் கூடாதென்று பிரஷர் சுவிட்ச், அந்தக் கேஸை அமுக்கித் தள்ளும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கம்ப்ரஸர் சாகவில்லை, அதைத் தூங்கவைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பார்ப்பவர் ‘கம்ப்ரஸர் வேலை செய்யவில்லை’ என்று சொல்வது பொய்யில்லை, பாதி உண்மை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேய்ந்துபோன கம்ப்ரஸரும், கேஸ் குறைந்த வண்டியும்கூட நின்ற இடத்தில் சரியாகக் குளிராது. அதைப் பிரித்தறிய இரண்டு சோதனை. வண்டியை நிறுத்தி, கியரை பி-இல் வைத்து, ஏர்கானை முழுதாகத் திறந்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து 1,500, 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். நின்றபடியே குளிர் திரும்பினால் கம்ப்ரஸர் அல்லது கேஸ் பக்கம் சந்தேகம் போகும். திரும்பாவிட்டால், கிரில் வழியாகக் கண்டென்சரின் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஒரு நிமிடத்தில் உள்ளே ஜில்லென்று ஆனால் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, காற்றோட்டம்தான் இல்லை என்று அர்த்தம். செலவு ஒரு பாட்டில் தண்ணீர்.

ஃபேனைச் சோதிப்பது இன்னும் சுலபம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏர்கானைப் போடுங்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டும். சுற்றாததை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மோட்டார் மேல் இலேசாகத் தட்டிப் பாருங்கள். உயிர் வந்தால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டாரை மாற்ற வேண்டும். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச். ஹாரனுக்கும் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். ரிலேதான் குற்றவாளி என்றால் தேக்காவில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசுக்குள் வேலை முடிந்துவிடும். ஒரே எச்சரிக்கை: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். விரலை உள்ளே விடாதீர்கள்.

போன வருடம் என் பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். வேறோர் இடத்தில் கம்ப்ரஸர், ரேடியேட்டர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. நெரிசலில் பழைய கதைதான். பானெட்டைத் தூக்கி ஏர்கானைப் போட்டேன். ஒரு ஃபேன் சுற்றியது, மற்றது அசையவில்லை. அதன் சாக்கெட்டைக் கழற்றினால், வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் கருகி, வயரோடு உருகி ஒட்டிக்கிடந்தது. வயரை வெட்டிப் புதுச் சாக்கெட் போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் அந்தக் கருகின சாக்கெட்டை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் முள் ஏறினால்தான் அடுத்த கட்டம். வண்டி முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். கூலண்ட் துரு நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் குழாய்த் தண்ணீராக ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். அப்படி அடைத்த வண்டி விரைவுச்சாலையில் மேடேறும்போதும் சுடும் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு நீல நிற ரசாயனத்தை வைத்து ஒரு சோதனை உண்டு: இன்ஜின் புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ‘டாப் ஓவர்ஹால்’ (இன்ஜினின் தலையைக் கழற்றிச் செய்யும் பெரிய வேலை) என்று யாராவது சொன்னால், அந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டு முள்ளை அதிகம் நம்பாதீர்கள். பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அது பாதியைத் தாண்டி நகர்ந்தது என்றால் விஷயம் முற்றிவிட்டது. மறுபடி வரிசையில் மாட்டினால் ஏர்கானை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வெந்து போவீர்கள், ஆனால் இன்ஜினின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

அதிர்வுக்கு வருவோம். டி-இல் பிரேக்கை மிதித்து நிற்கும்போது அதிர்ந்து, என்-க்கு மாற்றியதும் அடங்கினால் பெரும்பாலும் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். ரப்பர்தானே, ஒன்பது வருடச் சூட்டில் வெடித்திருக்கும். என்-இலும் அதிர்ந்தால் இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். நின்று கிளம்பும்போதோ, பலமாடிக் கார் நிறுத்துமிடச் சரிவில் மெல்ல ஏறும்போதோ வண்டி குலுங்கினால் அது வேறு, சிவிடி எனப்படும் படிகளில்லாத ஆட்டோ கியர்பாக்ஸாக இருக்கலாம். அதற்கு முதல் மருந்து, தயாரிப்பாளர் சொன்ன அதே வகைச் சிவிடி ஆயில்தான். சாதாரண ஆட்டோ கியர் ஆயிலை ஊற்ற விடாதீர்கள். ஆயில் மாற்றியும் குலுங்கினால், ஒரு வருட சிஓஇ மிச்சமுள்ள வண்டியில் கியர்பாக்ஸைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ புதுப்பிப்பதாக முடிவெடுத்த பிறகு அதைப் பேசலாம்.

‘டொக்’ சத்தம் பெரும்பாலும் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது லோவர் ஆர்ம் புஷ். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இன்ஸ்பெக்‌ஷன் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை என்று சாலைப் பாதுகாப்புக்கும் மாசுக்கும் வேண்டியதைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் ஏர்கான் குளிர்கிறதா, கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்பது அவர்கள் வேலையில்லை.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வேறு பட்டறையில் எதையும் மாற்றுவதற்கு முன் டீலருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’, அதாவது குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம், பழைய கார்களுக்கும் பொருந்தும். கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான். முதலில் பழுதுபார்த்துத் தரும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு, பணம் திரும்பக் கேட்பது எல்லாம். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. ஆனால் ஒன்பது வயது வண்டிக்குரிய சாதாரணத் தேய்மானத்தை இதில் சேர்க்க முடியாது. உங்கள் மவுண்டிங்கும் ‘டொக்’ சத்தமும் அந்தக் கணக்கில் போக வாய்ப்பு அதிகம். நேரடியாக ஒரு தனியாளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டமே உதவாது.

ஆகவே இன்று மாலை, வண்டி ஆறியதும், ஏர்கானைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மைலேஜும் தேதியும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டையும் ஒரு படம். அதோடு டீலரிடம் போங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.