மாஷ் டன் என்றால் என்ன? வீட்டில் செய்ததை எப்படிக் கழுவுவது?

வீட்டில் பீர் காய்ச்சும்போது, உடைத்த மால்ட் பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரம்தான் மாஷ் டன். முளைகட்டிக் காயவைத்த பார்லியில் இருக்கும் நொதிகள், 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவரை சூடு இறங்கக் கூடாது. அதனால்தான் பலரும் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்க் மாதிரிதான்: குளிரைக் காப்பது சூட்டையும் காக்கும்.

பெட்டியின் அடியில் ஒரு குழாய், உள்ளே ஒரு வடிகட்டி. எவர்சில்வர் வலை பின்னிய தண்ணீர் ஹோஸை வாங்கி, உள்ளிருக்கும் ரப்பரை உருவிவிட்டு, வலையின் ஒரு முனையை மடித்து இறுக்கினால் போதும். உண்மையில் அதிகம் வடிகட்டுவது பார்லி உமிதான். முதலில் வரும் சாறு கலங்கலாக இருக்கும். அதை மெதுவாகத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள், அப்புறம் தெளிந்து வரும்.

சக்கையை அன்றே அள்ளிவிடுங்கள், மறுநாள் புளித்து நாறும். குழாயைக் கழற்றிப் பாருங்கள், உமி ஒளிந்திருப்பது அங்கேதான். கம்பி நார் வேண்டாம், கீறல் விழும். மூடியைத் திறந்து காயவிடுங்கள்.

மாஷ் டன்னைக் கிருமிநாசினி போட்டே கழுவ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை, சாறு அடுத்து கொதிக்கத்தான் போகிறது, கிருமிநாசினி வேண்டியது கொதித்து ஆறிய பிறகு அதைத் தொடும் பாத்திரங்களுக்கு.