அப்பாவை நடக்க வைக்குமா ரோபோ?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இடது கால் வரவில்லை, பிடிக்காமல் நிற்கவும் முடியவில்லை. ரோபோ இயந்திரத்தில் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவார் என்கிறார் சித்தப்பா. நிலத்தை அடகு வைத்தாவது அழைத்துப் போகலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நிலத்தில் கை வைக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இயந்திரத்தால் பலன் உண்டு. லோகோமாட் போன்ற கருவியில் உடம்பைப் பட்டை போட்டு மேலிருந்து தாங்கிக்கொள்ள, கீழே டிரெட்மில் ஓட, இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கும் மோட்டார்கள் காலை மடக்கி நீட்டி அடி எடுத்து வைக்கும். பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு அடியாகக் காலைத் தூக்கி வைத்தால் சீக்கிரம் களைத்துவிடுவார், இதிலோ ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகள். மூளை நடையைத் திரும்பப் பழக அப்படித் திரும்பத் திரும்பச் செய்வதுதான் தேவை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2020-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிசியோதெரபியோடு இதையும் கொடுத்தால், சுமார் 8 பேரில் ஒருவர் கூடுதலாகத் துணையின்றி நடக்கிறார். முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கும் நடக்கவே முடியாதவர்களுக்கும்தான் பலன் அதிகம். அப்பா இரண்டிலும் வருகிறார், அதனால் இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

கட்டுப்படியாகவில்லையா, சரி, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபியை விடாமல் தொடருங்கள். வீட்டில், அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி, திண்ணையில் உட்கார்ந்து எழ வையுங்கள், நீங்கள் இடது பக்கம் நில்லுங்கள். அப்புறம் ஒன்று, இடது கையைப் பிடித்து மட்டும் இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும்.