டே கேர் சுத்தமாக இருந்தால் குழந்தைக்குச் சளி பிடிக்காதா?

"டே கேரில் சேர்த்ததிலிருந்து மகனுக்கு ஓயாமல் சளி, காய்ச்சல். அங்கே சுத்தமில்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதனால் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆபீஸில் லீவெல்லாம் தீர்ந்துபோய்த்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். அது புரிகிறது.

சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்று வந்துபோனால் அடுத்தது வராது என்று சொல்ல முடியாது. டே கேர் போகும் குழந்தைக்கு வருடத்தில் எட்டுப் பத்து தடவை சளி பிடிப்பது சகஜம். பொம்மைகளைத் தினமும் கழுவுகிறோம். பிள்ளைகளின் கைகளுக்கும் சோப்புதான், அடினோ போன்ற சில வைரஸ்களிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. ஆனால் பரவுவதில் பெரும்பங்கு காற்று வழியாக. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். மேலிடத்தில் மன்றாடி கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்க வைத்தேன், எல்லோரும் விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் தூங்கி எழும் நேரத்தில் அது 2000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 2000 பங்கை) தாண்டியிருந்தது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்ததும் மளமளவென்று 800-க்குக் கீழே இறங்கியது. வெளிக்காற்றில் 420 சொச்சம் இருக்கும். அன்றிலிருந்து நான் ஜன்னலை மூட விடுவதில்லை.

அடுத்தது, பெற்றோர் கையில் இருப்பது. ஒருநாள் காலை ஒரு குழந்தை சிரித்துக்கொண்டேதான் வந்தது. சட்டைக் காலரில் பிசுபிசுவென்று ரோஸ் கலர் கறை. காய்ச்சல் சிரப். மதியச் சாப்பாட்டுக்குள் மருந்தின் வேகம் இறங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. என் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டே இருந்தது. அந்த வாரமே வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அந்தக் குழந்தையிடமிருந்துதான் பரவியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எல்லாப் பெற்றோரையும் குறை சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்புங்கள், அவ்வளவுதான். ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கே போடலாம். வருடாவருடம் போட வேண்டும், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே தொண்டை கரகரத்து உடம்பு வலித்தாலும் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். பெரிய பிள்ளைகளுக்கோ ஒருநாள் கூட லீவு போடாமல் வந்தால் மேடையேற்றிப் பரிசு! காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த பிள்ளை அதைக் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் டே கேரில் கேட்பதானால், உடம்பு சரியில்லாத ஆயாவுக்கும் டீச்சருக்கும் சம்பளத்தோடு லீவு உண்டா என்று முதலில் கேளுங்கள். தரையைத் துடைப்பதைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.